படிக்காமல் விட்ட வரி

மார்ச் 4

டைல்ஸ் ஒட்டுவதில் இவர் கைக்கு ஈடில்லை. ஆனால் ஒரு வரி படிக்கச் சொன்னால் வியர்த்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து சம்பளச் சீட்டு, பத்திரிகை, எல்லாம் நான்தான் படித்துச் சொல்கிறேன். மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போனதும் இவருக்கே உறுத்தல் வந்து, சோதனைக்குப் போனோம். டிஸ்லெக்சியாவாம். எழுத்தையும் ஒலியையும் சேர்ப்பதில் உள்ள சிக்கல், அறிவுக்குறை இல்லை என்றார் டாக்டரம்மா. வீட்டுக்குள் வந்துதான் இவர், "அப்ப நான் மக்கு இல்ல" என்றார். இரண்டு தடவை.

மார்ச் 6

இரண்டு பயிற்சிகளுக்கு விளக்கத் தாள் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று செல்போன் செயலி: படம் பார்த்துச் சொல்லைத் தட்டுவது, வீட்டிலேயே. மற்றது வகுப்பு: ஆசிரியை எதிரே உட்கார்ந்து ஒலி ஒலியாகச் சொல்லித் தருவது. "நீயே பார்த்துச் சொல்லு" என்று நீட்டினார். வகுப்புத் தாளின் அடியில் 'பெரியவர்களுக்குத் தனிக் குழு உண்டு' என்றிருந்தது. அந்த வரியை விட்டுவிட்டேன். சின்னப் பிள்ளைகளுக்கானது போலிருக்கு என்றேன்.

ஏன் சொன்னேன்?

மார்ச் 7

ஏன் என்று தெரியும். செயலி என்றால் என் பக்கத்திலேயே உட்கார்ந்து என்னைக் கேட்டுக் கேட்டுப் படிப்பார். வகுப்புக்குப் போனால் ஒருநாள் நான் தேவைப்படமாட்டேன். சீ — எழுதவே கை கூசுகிறது.

மார்ச் 29

குதிரைப் படம் வந்தால் 'குதிரை' என்கிறார். படத்தை விரலால் மறைத்தேன். திருதிருவென்று விழிக்கிறார். செயலி என்னவோ நட்சத்திரமாக அள்ளிக் கொட்டுகிறது.

ஏப்ரல் 11

மகள் கதைப் புத்தகத்தோடு மடியில் ஏறினாள். கண் வலிக்கிறது என்று இறக்கிவிட்டார். அப்புறம் செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நான் மக்குதான். அந்தம்மா ஆறுதலுக்குச் சொல்லியிருக்கு" என்றார்.

ஐயோ, நான் என்ன பண்ணி வச்சிருக்கேன். அந்த ஒரு வார்த்தையத்தானே பிடிச்சுக்கிட்டு இருந்தாரு.

ஏப்ரல் 12

சொல்லிவிட்டேன். தாளை எடுத்து, விட்ட வரியை விரல் வைத்துப் படித்துக் காட்டினேன். கத்துவார் என்று நினைத்தேன். தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருஷத்துல வேற எதையெல்லாம் மாத்திப் படிச்ச?"

எதுவுமில்லை. சத்தியமாக எதுவுமில்லை. ஆனால் அது அவருக்கு எப்படித் தெரியும்?

ஏப்ரல் 15

வகுப்பில் சேர்ந்துவிட்டார். கூட நான் வர வேண்டாமாம்.

ஜூன் 20

குளிக்கும்போது ஒலிகளைச் சொல்லிப் பார்க்கிறார். கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். இதுவும் திருட்டுத்தனம்தான்.

செப்டம்பர் 18

மகளுக்குக் காய்ச்சல். மருந்துப் புட்டியை எடுக்கப் போனேன்; இவர் முந்திக்கொண்டார். வெளிச்சத்தில் பிடித்து, உதடு அசைய, நிறுத்தி நிறுத்தி: "அஞ்சு மில்லி... மூணு வேளை... சாப்பாட்டுக்கு... பின்."

பிறகு என்னிடம் நீட்டினார். "நீயும் பாரு. சரியா இருக்கா?"

இத்தனை மாதத்தில் என்னிடம் படிக்க நீட்டியது இதுதான் முதல் தடவை. சரிதான் என்றேன். தலையாட்டி வாங்கிக்கொண்டார். மூடியைத் திறக்குமுன் இன்னொரு தடவை அவரே படித்துப் பார்த்தார்.