தேனீப் பெட்டிக்கு ஏற்ற உடை

1944 மார்ச் 4, சனி

விடியும்போதே வெயில். மரவள்ளி வேகவைத்தாயிற்று. கொய்யா மரத்தடிப் பெட்டியை இன்று திறந்தே ஆக வேண்டும்.

பொங்கலுக்கு முன் தானாக வந்து குடியேறிய கூட்டம். மண்ணெண்ணெய் டின் வந்த பலகைப் பெட்டி அது. இப்போது கனக்கிறது. எறும்பு வேறு ஏறுகிறது. கூட்டை நல்ல பெட்டிக்கு மாற்றாவிட்டால் ஓடிப்போய்விடும். வீட்டில் சர்க்கரை கண்டு எத்தனையோ மாதம்.

எதை உடுத்திக்கொண்டு திறப்பது? கனமான துணி என்று பார்த்தால் அவருடைய கறுப்புக் கம்பளிக் கோட்டுதான். கல்யாணத்துக்குத் தைத்தது. இந்த மலாய் நாட்டு வெயிலில் அதற்கப்புறம் போட்டதே இல்லை. தலைக்கு ஓலைத் தொப்பி, அதன்மேல் பழைய கொசுவலையின் கிழியாத மூலை. கைக்கு அவருடைய காலுறைகள்.

புகை காட்டி மூடியை நகர்த்தியதும் அத்தனையும் கோட்டின்மேல். கம்பளி இழையில் கால் மாட்டிக்கொண்டு வெறி பிடித்த மாதிரி கொட்டின. புடவைக்குள் கீழிருந்து ஏறியவை தனி. ஓடினேன்.

பக்கத்து வீட்டுப் பாக்கியம் வேலிமேல் சாய்ந்து சிரித்தாள். தலைமுறைகளுக்கு முன்பே இங்கே குடியேறிய செட்டி வீட்டுப் பெண், தமிழ் மறந்த குடும்பம், மலாய்தான் பேசுவாள். "அடோய் லோகா, சுடா கிலா கா?" பைத்தியமா உனக்கு என்கிறாள். இருக்கலாம்.

கணுக்கால் வீங்கிவிட்டது. கோட்டை உதறி மடித்து வைத்தேன். அவர் வாசனை போய்விட்டது. புகை வாசனைதான்.

மார்ச் 7, செவ்வாய்

மழை வரும்போல் இருந்தது. வரவில்லை.

செங் ரப்பர் தோட்டத்துக்கு நடந்தேன். அங்கே கணக்கெழுதும் கிராணியின் மனைவி தனத்திடம் கோணிச் சாக்கு கேட்க. பாதி ஊர் இப்போது கோணிதான் உடுத்துகிறது. தேனீக்கு மட்டும் ஆகாதா?

உண்மையில் போனது அதற்கில்லை. கிராணி சயாமிலிருந்து தப்பி வந்து வீட்டுக்குள் ஒளிந்திருக்கிறார் என்று எங்களோடு இருக்கும் அண்ணி காதில் விழுந்திருந்தது. ஜப்பான்காரர்கள் சயாமில் போடுகிற ரயில் பாதைக்கு என்று கிராணியும் என் வீட்டுக்காரரும் ஒரே ரயிலில் ஏற்றப்பட்டவர்கள். இவர் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர், கூலிகளுக்கு மருந்து பார்க்க என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள். அதன்பிறகு ஒரு தீபாவளி, ஒரு பொங்கல். ஒரு வரி இல்லை.

தனம்: "வேற வேற கேம்பாம்க்கா. ஒரு தடவகூட கண்ணுல படலையாம்."

கிராணியைப் பார்க்கலாமா என்றேன். காய்ச்சலில் தூங்குகிறார் என்றாள். கேட்டது ஒரு சாக்கு. இரண்டு கொடுத்தாள், முருங்கைக்கீரையும் கொடுத்தாள்.

மார்ச் 9, வியாழன்

கோணி ஆடை தோல்வி. கழுத்தில் அரிப்பு. இழை பெரிது, கொடுக்கு நேராக உள்ளே வருகிறது. முரட்டு நார் அவற்றுக்குப் பிடிக்கவுமில்லை. கரடி என்று நினைக்கின்றனவோ.

கரடி என்றதும் ஞாபகம் வந்தது. சென்னைக் கல்லூரியில் விலங்கியல் வகுப்பு. தேனீக்குக் கறுப்பும் ரோமமும் எதிரி, வெளிர் நிறமும் வழவழப்பும் ஆகாயம் மாதிரி, கண்டுகொள்ளாது. பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவள்தான் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு போனேன்.

ஆக வெள்ளைப் பருத்தி. பல முறை துவைத்து மெத்தென்று ஆனது.

வீட்டில் அப்படிப்பட்டது அண்ணியிடம் மட்டும்தான் இருக்கிறது.

மார்ச் 10, வெள்ளி

அண்ணி இவருடைய அக்கா. கல்யாணமாகி மூன்றாம் வருஷமே தனியாகி எங்களோடு வந்துவிட்டார். அன்றிலிருந்து வெள்ளை.

கேட்டேன்.

"என்ன பேச்சு பேசுற நீ? என் பொடவய ஒனக்கு, என் கையால?"

"தேனீக்குத்தான் அண்ணி."

"நீ மெட்ராஸ்ல படிச்சவ, ஒனக்கு எல்லாமே வெறும் துணி. எனக்கு அப்படியில்ல. என் தம்பி உசுரோட இருக்கான்."

"நானும் அப்படித்தான் நினைக்கிறேன்."

"நெனைக்கிறியா?"

கீரை ஆய்ந்தோம். அண்ணி காம்பையும் சேர்த்துச் சட்டியில் போட்டுவிட்டார்.

யோசித்துப் பார்த்தேன். நினைக்கிறேன் என்பது சரியான சொல்தான். நம்புகிறேன் என்று ஏன் வரவில்லை, தெரியவில்லை.

மார்ச் 14, செவ்வாய்

எறும்பு பெட்டிக் காலுக்கு மேலே போய்விட்டது. தேனீக்கள் வாசலில் கொத்தாகத் தொங்குகின்றன. இந்த வாரம் போய்விடும்.

நெல்லிக்காய் அளவு சோப்பு மிச்சம், வேறு துணியைத் துவைத்து மெத்தென்று ஆக்க அது போதாது.

மார்ச் 16, வியாழன்

மாலையில் அண்ணி என் பாயின்மேல் ஒரு வெள்ளைப் புடவையை வைத்துவிட்டுப் போனார். ஓரத்தில் மஞ்சள் தடவியிருந்தது, புதுத்துணிக்குத் தடவுகிற மாதிரி. பழந்துணிக்கு மஞ்சள். நன்றி சொன்னேன். "தேன் வந்தா எனக்கு ஒரு கரண்டி" என்றார், முகம் பார்க்காமல்.

மார்ச் 17, வெள்ளி

காற்றில்லை. நல்ல நாள்.

உள்ளே அவருடைய பைஜாமா, காலடியில் கயிறு கட்டினேன். மேலே வெள்ளைப் புடவை, முந்தானையைத் தலையோடு இழுத்து, முகத்துக்கு மட்டும் வலை. தொப்பி வேண்டாம், இடைஞ்சல். தலையில் பூ வைக்கவில்லை, வாசனைக்கு வரும். கண்ணாடி வளையலைக் கழற்றினேன், அதன்மேல் கைக்குக் காலுறை ஏறவில்லை. பொட்டு வியர்வையில் கரைந்து வலையில் ஒட்டும், அதனால் அதுவும் இல்லை.

ஒன்றுகூடக் கொட்டவில்லை. தோளில் வந்து உட்கார்ந்து நடந்துவிட்டுப் போயின. நான்கு அடை மாற்றினேன், ஒன்றை நறுக்கி எடுத்தேன். இவ்வளவு அமைதியாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. பின்வாசலில் அண்ணி நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் வாசலில் பெண்கள். குழாயடியிலிருந்து நேராக வந்தவர்கள், குடத்தோடு. ஒருத்தி அண்ணியைக் கட்டிக்கொண்டு ஓங்கி அழ ஆரம்பித்துவிட்டாள். சந்திலிருந்து என் முதுகைப் பார்த்திருக்கிறார்கள். வெள்ளை, பூ இல்லை, வளையல் இல்லை. சயாம் சேதி வந்துவிட்டது என்று முடிவு.

அண்ணி: "ஐயோ, அது தேனீக்கு! தேனீக்கும்மா!"

அழுதவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தேனீக்கா? யாருக்குன்னு சொல்லிட்டுப் போட வேணாமா" என்று கோபித்தாள். எல்லோரும் சிரித்தோம். ஆளுக்கு ஒரு துண்டு அடை. வாயில் மெழுகோடு போனார்கள்.

நானும் சிரித்தேன். குறித்து வைக்கிறேன்.

மார்ச் 18, சனி

காலை மழை, பிறகு வெயில்.

பொட்டு, வளையல், நீலப் புடவை. முற்றத்தில் மெழுகு உருக்கிக்கொண்டிருந்தேன். செங்கிலிருந்து தனம் வந்தாள். சேதி மட்டும் அங்கே போயிருக்கிறது, தேனீ போகவில்லை. படலைத் திறக்கும்போதே குனிந்த தலையோடு அழுதுகொண்டே வந்து என் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அன்னிக்கே சொல்லியிருக்கணும்க்கா. இந்த மனுசன்தான் என் வாயில வரக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. பேதிக்காரங்களுக்குப் பாத்துப் பாத்து அண்ணனுக்கும் வந்திருச்சாம். மருந்து இல்லையாம். கூட இருந்து மண்ணு தள்ளுனதே இவருதான். அதச் சொல்லிச் சொல்லித்தான் ராவெல்லாம் ஒளறுறாரு. ஒங்களுக்கு யாரு சொன்னாக்கா?"

"நீதான் தனம்" என்றேன்.

அப்போதுதான் நிமிர்ந்தாள். பொட்டைப் பார்த்தாள்.

மெழுகு கரிந்துவிட்டது.

மார்ச் 19, ஞாயிறு

வெயில். சமையல் இல்லை. பாக்கியம் கஞ்சி கொடுத்தனுப்பினாள்.

கிராணி நேரில் வந்து சொல்ல முடியாது, தலை காட்டினால் மறுபடி பிடித்துப்போவார்கள். நாள் தெரியாது. இடம், ஏதோ ஆற்றங்கரை. அண்ணி உள்ளறையில் படுத்திருக்கிறார். "நான்தானே எடுத்துக் குடுத்தேன்" என்று ஒருமுறை சொன்னார். துணியால் ஆள் சாவதில்லை என்று சொல்லலாம். சொல்லவில்லை. இன்று அது பாடம் நடத்துகிற மாதிரி இருக்கும்.

பொட்டைப் பற்றி இருவருமே பேசவில்லை.

மார்ச் 22, புதன்

மேகமூட்டம்.

மீதி அடைகள் பழைய பெட்டியிலேயே இருக்கின்றன. எறும்பு திரும்பிவிட்டது. யாராவது திறந்தாக வேண்டும். துவைத்து மடித்திருந்த வெள்ளையை எடுக்கக் கை நீட்டினேன்.

"வேணாம்."

"தேனீக்குத்தான் அண்ணி."

"இனி அத நீ ஒடுத்துனா தேனீக்குன்னு நீயே நம்ப மாட்ட. அதுக்குன்னு ஒரு நாள் வரும், அப்பப் பாத்துக்கலாம். இன்னிக்கு வேணாம். எனக்கு எப்பவும் இதே துணிதான். நான் தொறக்குறேன். நீ அந்த நீலத்தோட தள்ளி நின்னு சொல்லு."

அண்ணிக்கு இது முதல் முறை. அடையைக் கீழே விடவில்லை. நான் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக மாற்றினார். அவருக்கு ஒன்றும் கொட்டவில்லை. தள்ளி நின்ற எனக்குப் புறங்கையில் ஒன்று.

அழுதேன். அண்ணி வலையைக்கூடக் கழற்றாமல் வந்து சுண்ணாம்பு தடவினார். அழுது முடிக்கும்வரை தடவிக்கொண்டே இருந்தார்.