சீரோஸ் தீவும் நீங்களும்

இன்று லோசானில் பீஸ் என்கிற வடகிழக்குக் குளிர்காற்று. ஜன்னல் சட்டங்களை உலுக்கி, பல்கனிப் பூச்சட்டியையும் உருட்டிவிட்டது. ஆனாலும் மெட்ரோ சொன்ன நேரத்துக்கு வந்தது. நானும் சொன்ன நேரத்துக்கு வேலைக்குப் போய் வந்தேன். காற்றடித்தால் எல்லாம் நின்றுபோகும் ஓர் இடத்தின்மேல் உங்களுக்கு ஏன் அப்படியொரு பித்து என்று வழியெல்லாம் உங்களோடு சண்டை பிடித்தேன்.

கலியாணம் முடித்த நாளிலிருந்தே எனக்குச் சீரோஸ்தான் சக்களத்தி. இளவயதில் நீங்கள் வேலை செய்த கப்பலைப் பழுது பார்க்கவென்று அந்தக் கிரேக்கத் தீவில் கட்டிப்போட்டார்கள். ஒரு குளிர்காலம் அங்கே இருந்தீர்கள், அவ்வளவுதான். பிறகு சுவிஸில் எத்தனை வருடம் இருந்தும், தக்காளி வெட்டினால் சீரோஸ் தக்காளி, மீன் பொரித்தால் சீரோஸ் மீன். அங்கே மத்தியானம் கடைகளைப் பூட்டிவிட்டுப் படுப்பார்களாம். பின்னேரம் ஊரே துறைமுகத்தில் உலாத்துமாம். ஆஸ்பத்திரிக் குசினியில் நின்று சமைத்துக் களைத்து வருபவளிடம் சொல்லுகிற கதையா இது?

பென்ஷன் எடுத்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். மகளுக்குப் பிள்ளை பிறக்க இன்னும் மூன்று கிழமை இருக்கிறது என்றீர்கள். ஒரு மலையில் கத்தோலிக்கர், மறு மலையில் ஓர்த்தடோக்ஸ் கிறிஸ்தவர். இரண்டிலும் படி, படி, படி. என் முழங்கால் கழன்றுவிட்டது. திரும்ப வேண்டிய நாளில் காற்றுப் பிடித்தது. ஏதென்ஸ் கப்பல் ஓடாது என்றார்கள். மகள் குடியிருக்கும் ஓஸ்டர்முண்டிகனிலிருந்து மருமகன் போன் எடுத்து, மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதாகச் சொன்னபோது, நீங்கள் கோப்பிக் கடையில் கிழவர்களோடு தாயம் உருட்டிக்கொண்டிருந்தீர்கள்.

"காத்து விட்டால் போவம். ஏன் அவதிப்படுறீர்?"

"உங்களுக்கு நெஞ்சிலை ஈரம் இருக்கோ?" என்று கேட்டுவிட்டு வந்தவள்தான், பிறகு கப்பல் ஓடும்வரை உங்களோடு கதைக்கவில்லை.

பேத்தி பிறந்த செய்தி அங்கேதான் வந்தது. நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்காரி மரியா, மா தூவிய இனிப்புத் தட்டோடு தெருவெல்லாம் போய்ச் சொன்னாள். முன்பின் தெரியாத கிழவிகள் வந்து, போனில் பிள்ளையின் படத்தைப் பார்த்து, "த்தூ, த்தூ" என்று துப்பிக் கண்ணூறு கழித்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. உங்களுக்குக் காட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த குளிர்காலத்தில் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டீர்கள். உங்கள் சாம்பலில் கொஞ்சத்தைச் சீரோஸ் கடலில் கரைக்க வேண்டும் என்று மகளிடம் சொல்லிவைத்திருந்தீர்களாம். என்னிடம் சொன்னால் ஏசுவேன் என்று தெரியும். அவள் கைக்குழந்தையோடு எங்கே போவது? நான்தான் தனியப் போனேன், ஏசிக்கொண்டே.

கரைத்த மறுநாள், மரியா கோதுமையை அவித்துச் சீனி தூவி எடுத்துக்கொண்டு என்னைத் தங்கள் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். இறந்தவர்களுக்கு அவர்கள் படைப்பது அதுதானாம். பாதிரியார் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். எல்லாம் கிரேக்கப் பெயர்கள். கடைசியில் உங்களுடையது வந்தது. மரியா எப்படி எழுதிக் கொடுத்தாளோ, முன்பாதி நொறுங்கி, பின்பாதி விழுங்கப்பட்டு, யாரோ ஒருவரின் பெயராகக் கேட்டது.

உங்கள் பெயரை நான் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. அரசாங்கக் கந்தோர்களில் படிவத்தில் எழுதிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் உங்கள் அட்டையை நீட்டினேன். வீட்டில் கூப்பிட "இஞ்சாருங்கோ" போதுமாக இருந்தது. அந்தக் கோயிலில், அத்தனை பேர் நடுவில், உங்கள் பெயரை முழுதாக, சத்தமாகச் சொன்னேன். பாதிரியார் நிமிர்ந்து பார்த்தார். மரியா என் கையைப் பிடித்தாள். அவர் மறுபடி வாசித்தார், பிழை. நான் மறுபடி சொன்னேன். சரியாக வரும்வரை அந்த மனிதரை விடவில்லை.

அன்றிலிருந்து அந்தப் பெயர் என் வாயில் தங்கிவிட்டது. சோறு வடிக்கும்போதும் சட்டி கழுவும்போதும், உங்களை ஏசுவதென்றால் இப்போது பெயர் சொல்லித்தான் ஏசுகிறேன்.