ஹோட்டலில் இருக்கிற பிள்ளை

கரமனை,
செவ்வாய்க்கிழமை

என் செல்ல மகள் ரெம்யாவுக்கு அம்மை எழுதுவது. கர்த்தர் காத்ததினால் நானும் அப்பாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலை ஜெபத்தில் உன் பேரைச் சொல்லாமல் எழுந்ததில்லை. மனசைக் கேட்டால்தான் சுகம் என்று எழுத வரவில்லை மக்களே. ஞாயிற்றுக்கிழமை போனில், நீங்கள் சுவரில் ஒட்டியிருக்கிற நிரோஷன் படத்தை எடுத்துவிடு என்று சொன்னேன், நீ அதை எங்கள் கூட்டத்தில் பேசித்தான் முடிவு செய்ய முடியும் என்று சொல்லி வைத்துவிட்டாய். போனில் பேசினால் நீ குறுக்கே குறுக்கே பேசி என்னை மடக்கிவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மாமா மகன் சுபினுக்கு லீவு முடிந்தது, நாளை அங்கே திரும்பி வருகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். இங்கே மழை விட்டபாடில்லை, துணி ஒன்றும் காயவில்லை. அப்பா ஆரியசாலைக் கடைக்குப் போய் வருகிறார், ஆனால் வியாபாரத்தில் மனசு இல்லை, ஆள் இல்லாத நேரமெல்லாம் உன் வீடியோவைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று கடையில் நிற்கும் பால்பாண்டி சொன்னான். நீ கோஷம் எழுதின அட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற வீடியோ சபையில் எல்லோர் போனிலும் வந்துவிட்டது. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ரத்னாபாய் என் கையைப் பிடித்து, மோளு அங்க படிக்கப் போனதா, கொடி பிடிக்கப் போனதா எலிசா என்று கேட்டாள். சிரித்துவிட்டு வந்தேன்.

நீ சொல்லாததை எல்லாம் சுபின் சொல்லிவிட்டான், அவனைத் திட்டாதே, நான்தான் குடைந்து குடைந்து கேட்டேன். நிரோஷனைப் போல அடைக்கலம் கேட்டு வந்தவர்களை அரசாங்கம் தங்க வைத்திருக்கிற அந்த ஹோட்டலுக்கு வெளியே வெள்ளைக்காரர்கள் கூடி நின்று, உள்ளே இருக்கிறவர்களைத் திருப்பி அனுப்பு என்று கத்தினார்களாம், எதிரே நீங்கள் பத்திருபது மாணவர்கள் நின்றீர்களாம், பாட்டில் வீசினதில் உன் பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு நெற்றி பிளந்ததாம். உன்னையும் பார்த்து உன் ஊருக்குப் போ என்று கத்தினார்களாமே. அன்றைக்குச் சாயங்காலம் என்னிடம் பேசும்போது லைப்ரரியில் இருந்தேன் என்று சொன்னாய். நீ அங்கே விசாவில் இருக்கிற பிள்ளை, ஒரு கேஸ் வந்தால் படிப்பு என்னாகும் என்று அப்பா கேட்கிறார். எனக்கு விசா இரண்டாவதுதான், அந்தப் பாட்டில் ஒரு முழம் தள்ளி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அடுப்பில் வைத்ததை இரண்டு நாள் கருக்கிவிட்டேன்.

நிரோஷன் அம்மாவைப் போய்ப் பார்த்துவர முடியுமா என்று நீ கேட்டிருந்தாய் இல்லையா, அப்பா முதலில் முடியாது என்றுதான் சொன்னார், பிறகு அவரே வியாழக்கிழமை கடையைப் பால்பாண்டியிடம் விட்டுவிட்டுக் கிளம்பு என்றார். நாகர்கோவில் வரை ரயிலில் போய், அங்கிருந்து பஸ், பிறகு ஆட்டோ. அகதிகள் முகாம் வாசலில் யார், எதற்கு என்று நன்றாக விசாரித்துத்தான் உள்ளே விட்டார்கள். வரிசையாக ஒரே அளவில் வீடுகள், எல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு அறைதான். முப்பது வருஷத்துக்கு மேலாக அங்கே இருக்கிறார்களாம். நிரோஷன் பிறந்ததே அந்த முகாமில்தான் என்று நீ சொல்லியிருக்கிறாயா, எனக்கு நினைவில்லை. அவன் அம்மா பேர் யோகமலர், என் வயதுதான் இருக்கும். மகள் வேலை முடிந்து இன்னும் வரவில்லை என்றாள். என் மகள் உங்கள் மகனோடு பழக்கம் என்று சொன்னதும் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள், என்ர பிள்ளை மெலிஞ்சு போனானோ, உங்கட மகள் அவனைக் கண்டவவோ என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம்தான் மக்களே, எனக்கு விஷயம் புரிந்தது. அந்த அம்மா நினைத்துக்கொண்டிருப்பது, மகனுக்கு ஹோட்டலில் வேலை என்று. ஹோட்டலில் இருக்கிறேன் என்று அவன் எப்போதோ சொல்லியிருக்கிறான், அதை அவள் அப்படியே பிடித்துக்கொண்டாள், அவனும் திருத்தவில்லை. நாலு மாடி ஹோட்டலாம், அங்கயே தங்கிறதுக்கு அறையும் குடுத்திருக்கினமாம் என்று பக்கத்து வீட்டுக்காரியையும் கூப்பிட்டுச் சொன்னாள். வெளியே போகப் பயந்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளை என்று நீ சொன்னது என் காதில் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி நல்ல ஆளோ என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டாள். அப்பாவை உனக்குத் தெரியும், கடையில் பழைய சரக்கைப் பழசு என்று சொல்லித்தான் விற்பார். அவர் தலையைக் குனிந்துகொண்டு, நல்ல ஆளாக்கும், ஒரு குறையுமில்ல என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

அவன் தங்கை துஷாந்தி எங்களை முகாமுக்கு வெளியே பஸ் நிற்கிற இடத்தில் பிடித்தாள். அம்மா சொன்னதுபோல அவள் வேலைக்குப் போகவில்லை, போகிறதுபோல் காலையில் கிளம்பி எங்கேயாவது இருந்துவிட்டு வருகிறாள். அவளுக்கு எல்லாம் தெரியும். நீங்கள் நிரோஷன் முகத்தைப் பெரிதாகப் போட்டு, இவனைத் திருப்பி அனுப்பாதே என்று எழுதி ஊரெல்லாம் ஒட்டி, போனிலும் விட்டீர்கள் இல்லையா, அது சுற்றிச் சுற்றி முகாமுக்கே வந்துவிட்டது. போலீஸ்காரர் இரண்டு பேர் வந்து உன் அண்ணன் எந்த வழியாகப் போனான், யார் கூட்டிப் போனது என்று அவளைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்களாம். ஒரு கிளினிக்கில் சீட்டு எழுதிக் கொடுக்கிற வேலை பார்த்தாள், விசாரணை முடிந்து வா என்று அனுப்பிவிட்டார்கள். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது அன்ரி, தெரிஞ்சால் தாங்கமாட்டா, அந்தப் படத்தை மட்டும் எடுக்கச் சொல்லுங்கோ, உங்கட மகள் நல்லதுக்குத்தான் செய்தவ என்று எங்களுக்கும் தெரியும் என்று சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் கொஞ்சம் ஆறுதல் சொல்லியிருப்பேன்.

அவனிடம் கேட்டுத்தான் படம் போட்டோம், சரி என்று சொன்னான் என்கிறாய். குளிருக்கு உடுப்பு கொண்டுகொடுத்து, வாரம் தவறாமல் வந்து இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிற பிள்ளையிடம் அவன் எப்படி மாட்டேன் என்று சொல்லுவான்? இதைக் கொஞ்சம் யோசித்துப் பார். உன் கூட்டத்தில் என்ன வேண்டுமானாலும் பேசுங்கள், ஆனால் பேசும்வரை அந்த முகம் சுவரில் இருக்கக் கூடாது. முதலில் கிழி, பிறகு பேசு. தங்கையைப் பற்றியும் அவனிடம் நீயே சொல்லிவிடு, வேறு யார் வாயிலும் கேட்க விடாதே.

இதோடு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் படிப்பைப் பார்க்கச் சொல்லு என்பதுதான் அப்பா முடிவு. நேற்றும் அதில் எனக்கும் அவருக்கும் வாக்குவாதம் வந்து சாப்பிடாமலே கடைக்குப் போனார். நானும் போன மாதம் அதைத்தான் சொல்லியிருப்பேன். அந்த ஒற்றை அறையைப் பார்த்துவிட்டு வந்த பிறகு என் வாயில் வரவில்லை. சனிக்கிழமை ஊர்வலத்துக்குப் போவாய் என்று தெரியும். முன்வரிசையில் நிற்காதே, தனியாகத் திரும்பி வராதே, எங்கே இருந்தாய் என்று கேட்டால் லைப்ரரி என்று சொல்லாதே. பயப்படுவது என் பாடு, உண்மையைச் சொல்வது உன் பாடு.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார், உன் கையால் யாருக்கும் தீங்கு வராமல் பார்த்துக்கொள்வார். சுபினிடம் ஒரு பொட்டலமும் கொடுத்துவிட்டிருக்கிறேன், கிளம்பும்போது யோகமலர் அவசர அவசரமாக வறுத்து இடித்துத் தந்த மிளகாய்த்தூள். அந்த ஹோட்டல் அறையில் அவனுக்கு அடுப்பு கிடையாது என்று நீதான் சொன்னாய், அதனால் அப்படியே தூக்கிக் கொடுத்துவிடாதே, உன் அடுக்களையில் மீன்குழம்பு வைத்து அவனைக் கூப்பிட்டுச் சோறு போடு. சாப்பிட்டு முடித்ததும் என்னைக் கூப்பிட்டுச் சொல்லு. உறைப்பு சரியாக இருந்ததா என்று அந்த அம்மா என்னிடம் கேட்பாள், அவளிடம் பொய் கலக்காமல் சொல்ல எனக்கு ஒரு காரியமாவது வேண்டும்.

உன் அம்மை,
எலிசாள் ஜெயன்