கோழிக்கால் பலகை

ஜூன் 3, செவ்வாய்

அல்சிட் பார்பியோ. இது நான். என் கையால் எழுதியது. வயது எழுபத்தொன்பது.

நூலகத்தில் எனக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தரும் மிஸ் டார்லீன் இந்த நோட்டைக் கொடுத்து, தினமும் ஏதாவது எழுதச் சொன்னாள். சுண்ணாம்புக் குவாரியில் ஐம்பது வருஷம் சம்மட்டி பிடித்த விரல்கள். பென்சில்தான் கனக்கிறது.

ஜூன் 5, வியாழன்

ஒஹையோவிலிருந்து ஒரு குடும்பம் என் வீட்டைச் சுற்றிப் பார்க்க வந்தது. ஊரிலேயே பழைய வீடு என்னுடையது. வழக்கம்போல எல்லாவற்றையும் காட்டினேன். சுவர் மரங்களை நட்டுவைத்திருக்கிறோம் பாருங்கள், எங்கள் பிரெஞ்சு வீட்டில் மரம் நிற்கும், இங்கிலீஷ்காரன் வீட்டில் மரம் படுத்துக்கொள்ளும் என்றேன். சிரித்தார்கள். சுவரில் இருக்கும் இரும்பு வளையம், ஒரு காலத்தில் இந்த ஊரை ஆண்ட ஸ்பெயின் அதிகாரி தொப்பி மாட்டியது. நீளமான மரத்தொட்டியில் கொள்ளுத்தாத்தா பதினோரு பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துக் குளிப்பாட்டினார். வாசல் ஏன் இவ்வளவு அகலம்? கொள்ளுத்தாத்தா அவ்வளவு குண்டு.

வெளியே நிற்கும் பலகையை அந்த அம்மாள் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு எதிர்வீட்டைப் பார்த்தாள். பாவம், வெயிலில் கண் கூசியிருக்கும்.

ஜூன் 12, வியாழன்

மிஸ் டார்லீன் ஒரு குண்டு போட்டாள். "ஆகஸ்ட் திருவிழாவுல உங்க வீட்டு முன்னாடி இருக்கிற பலகைய நீங்களே கூட்டத்துக்குப் படிச்சுக் காட்டுங்க, மிஸ்டர் பார்பியோ."

கூட்டத்துக்கு முன்னால்! நான்! பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு பேசியதற்காக மூலையில் நிறுத்திய வாத்தியார் இப்போது உயிரோடு இருந்திருக்கலாம்.

சரி என்று சொல்லிவிட்டேன். இரவு உணவு இறங்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

இந்தப் பலகையை முப்பது வருஷமாகத் துடைத்து வருகிறேன். அந்தப் பெரிய ஆற்று வெள்ளம் வடிந்த பிறகு ஊர்ச் சங்கத்தார் வந்து நட்டார்கள். எதிர்வீட்டுக்காரி ஒலிவின் ரோஜாச்செடிகள் அந்தப் பக்கம் இருந்ததால் என் பக்கம் நட்டார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று யாரையும் கேட்டதில்லை. எப்படிக் கேட்பது? கீழே கோழிக்கால் மாதிரி ஒரு படம். எங்கள் குடும்பச் சின்னம் என்று வருகிறவர்களிடம் சொல்வேன்.

இன்று முதல் வரி: "இந்த நகரின் மிகப் பழைய வீடு."

அதைத்தான் நானும் சொன்னேன்!

ஜூலை 1, செவ்வாய்

இரண்டாம் வரி முடிந்தது. "பிரெஞ்சுக் குடியேறிகள் கட்டியது." 'குடியேறிகள்' மட்டும் ஆறு நாள் தின்றது.

ஜூலை 8, செவ்வாய்

மூன்றாம் வரி, நட்ட மரச் சுவர்கள். சரியாகப் போகிறது. இந்தப் பலகையை எழுதியவன் கெட்டிக்காரன்.

ஜூலை 22, செவ்வாய்

நான்காம் வரி: "சாலைக்கு அப்பால் தெரிவது."

தவறாகப் படித்திருப்பேன். மறுபடி படித்தேன். மறுபடி.

சாலைக்கு அப்பால் ஒலிவின் வீடு.

கோழிக்கால் — அது கோழிக்கால் இல்லை. அம்புக்குறி. எதிர்ப்பக்கம் காட்டுகிறது. முப்பது வருஷமாகக் காட்டிக்கொண்டிருக்கிறது.

ஐந்தாம் வரியை நின்றுகொண்டு படிக்க முடியவில்லை. நாற்காலி கொண்டுவந்து போட்டுப் படித்தேன். "நீங்கள் நிற்கும் இடம் அவ்வீட்டின் குதிரை லாயம்."

வளையம். தொட்டி. வாசல்.

அட கடவுளே. கொள்ளுத்தாத்தா குண்டே இல்லை.

ஜூலை 23, புதன்

விடிந்ததும் பெயிண்ட் டப்பாவும் தூரிகையுமாகப் பலகை முன்னால் நின்றேன். கடைசி இரண்டு வரிதானே, அழித்துவிட்டால் என்ன?

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"என்ன கிழவா, பலகைக்கு மேக்கப்பா?"

ஒலிவ் தொமியூர் என்னைவிட இரண்டு வயது மூத்தவள், அதனால் என்ன வேண்டுமானாலும் பேசுவாள். இரவு உடையோடு சாலையைக் கடந்து வந்தாள்.

"படிச்சிட்டியா?"

"உனக்குத் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும். நீ தமாஷ் பண்றேன்னு நெனச்சாங்க. எனக்கு மட்டும்தான் தெரியும், நீ படிச்சதில்லேன்னு."

"அப்ப ஏன்டி சொல்லல?"

"சொன்னா அத்தன பேரும் என் வீட்டுக்கு வருவாங்க! முப்பது வருஷமா மத்தியானம் நிம்மதியாத் தூங்குறேன். யாரால? உன்னால. தொப்பிக் கதை, குண்டுத்தாத்தா கதை, எல்லாம் ஜன்னல் வழியாக் கேட்டுட்டே தூங்கிடுவேன்." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "திருவிழாவுல படிக்காதே அல்சிட். மூணு வரியோட நிறுத்திடு. உனக்கும் மரியாதை, எனக்கும் தூக்கம்."

நல்ல யோசனைதான். பெயிண்ட் டப்பாவை மூடிவிட்டு ஐந்தாம் வரியை மறுபடி படித்தேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மூன்று வரியோடு நிறுத்திப் பழகுகிறேன். முடியவில்லை. கண் தானாக நான்காம் வரிக்கு இறங்கிவிடுகிறது. படிக்கத் தெரியாதபோது எவ்வளவு சுலபமாகப் புளுகினேன்!

ஆகஸ்ட் 9, சனி

திருவிழா. பிடில் சத்தம், பொரித்த மாவு வாசனை, நூறு பேர். முன்வரிசையில் மிஸ் டார்லீன். ஜன்னலில் ஒலிவ், உதட்டில் விரல்.

முதல் வரி. கைதட்டினார்கள். இரண்டாம் வரி. 'குடியேறிகள்' வழுக்கிக்கொண்டு வந்தது. மூன்றாம் வரி.

நிறுத்தினேன். எல்லோரும் பார்த்தார்கள். இன்னும் இரண்டு வரி என்னையே பார்த்துக்கொண்டு இருந்தது. அதற்காக நான் பட்ட பாடு!

படித்துவிட்டேன். "குதிரை லாயம்" என்பதை வேண்டிய அளவுக்கு மேலேயே சத்தமாகப் படித்தேன்.

மிஸ் டார்லீன் அழுதாள். கூட்டம் அப்படியே திரும்பிச் சாலையைக் கடந்தது. ஒலிவ் திரையை இழுத்த வேகத்தில் கம்பியே கழன்று விழுந்தது.

ஆகஸ்ட் 14, வியாழன்

என் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. எதிரே பேருந்து நின்றது. ஒலிவ் என்னைப் பார்த்துக் கையை முறுக்கிக் காட்டினாள். என் கழுத்தைச் சொல்கிறாள்.

ஆகஸ்ட் 20, புதன்

"உன் ஆளுங்களத் திரும்ப எடுத்துக்கோ!" வாசலில் ஒலிவ். கண்ணுக்குக் கீழே இரண்டு பை. "நேத்து ஒருத்தன் என் கட்டில்ல உக்காந்து அளவு எடுக்குறான்!"

"லாயத்தப் பாக்க யாரு வருவாங்க?"

"தொப்பிய வச்சே முப்பது வருஷம் ஓட்டினவன் நீ. குதிரைய வச்சு ஓட்ட மாட்டியா?"

ஆகஸ்ட் 21, வியாழன்

யோசித்தேன். பலகையில் இருப்பதை மாற்றக்கூடாது. ஆனால் குதிரைகளின் பெயர் பலகையில் இல்லையே?

ஆறு குதிரைகளுக்குப் பெயர் வைத்தேன். ஒன்றுக்குத் தொப்பி பிடிக்கும்.

செப்டம்பர் 2, செவ்வாய்

இன்று பதினாறு பேர். மரத்தொட்டியில் ஒரு பிள்ளை ஏறி உட்கார்ந்து கனைத்தது.

மத்தியானம் ஒலிவ் ஒரு மரத்துண்டைக் கொண்டுவந்து, தன் வீட்டு வாசலில் மாட்ட எழுதித் தரச் சொன்னாள். எழுதினேன்: "தூங்குகிறேன். குதிரை லாயத்தில் கேளுங்கள்." கீழே, என் வீட்டைக் காட்டி, ஒரு கோழிக்கால்.

மாட்டியதும் அதை மூன்று தடவை உரக்கப் படித்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது:

"மெதுவாப் படி, கிழவா. தூக்கம் வருது."

மெதுவாக இன்னொரு தடவை படித்தேன்.