அரைக்கட்டை மேலே

மார்ச் 4, செவ்வாய்
காலையில் எங்கள் வாத்தியக் கடையில் இரண்டு கிடாருக்குக் கம்பி மாற்றினேன். அப்புறம் தையல் கடை வைத்திருக்கும் தையலக்காவின் கீபோர்டு. மூன்று கீ அமுக்கினால் எழவில்லை. திறந்தால் உள்ளே இரண்டு ஹூக், ஒரு குண்டூசி, நூல் பந்து.

“கீபோர்டுக்கும் சட்டை தெக்கிறீங்களாக்கா?”

“எங்கேம்மா, அளவெடுக்க நிக்க மாட்டேங்குது!”

எனக்கேற்ற ஜோடி. துடைத்து, ரேடியோ பாட்டோடு சேர்ந்து வாசித்துப் பார்த்துக் கொடுத்தனுப்பினேன்.

மாடியில் பாட்டு வகுப்பு எடுப்பது என் அண்ணன். மற்றவர்களுக்கு மாஸ்டர், எனக்கு, அந்த உயரத்துக்கு, மணிக்கூண்டு. 29ஆம் தேதி கடையின் ஆண்டு விழா. பாடும் குழுவில் எட்டுப் பேர். முதல் வரி தையலக்காவுக்கு. சுருதி கொடுக்க மாட்டானாம், மனதிலிருந்தே எடுக்க வேண்டுமாம். வாத்தியம் அப்புறம்தான் சேரும். அக்காவுக்குக் கால் தரையில் இல்லை.

மார்ச் 13, வியாழன்
மாடியில் சிரிப்புச் சத்தம். அக்கா ஆரம்பித்தார், அண்ணன் வாசித்தான், இரண்டும் ஒட்டவில்லை. “சுருதியில அரைக்கட்டை மேல நிக்கிறீங்கம்மா.” மூன்று முறையும் அதேதான்.

மார்ச் 15, சனி
“சுருதியை அரை இஞ்ச் மடிச்சுத் தைங்கக்கா” என்றேன். அக்கா சிரிக்கவில்லை. என் வாய்க்கு ஒரு பூட்டு வாங்க வேண்டும்.

மார்ச் 20, வியாழன்
அண்ணன் முதல் வரியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டான். அக்கா கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“யாருக்காவது வித்துக் குடுத்துடும்மா. எனக்குக் காது இல்லையாம். வீட்ல இதோட பாடினா ஒட்டுது, இங்க வந்தா கெட்டுப்போகுது. என்ன மாயமோ.”

போட்டுப் பார்த்தேன். திரையில் +1. அரைக்கட்டை மேலே.

ஐயோ. நான்தான். ஐந்தாம் வகுப்போடு கீபோர்டு கற்பதை விட்டவள், எனக்கு வெள்ளைக் கீ மட்டும்தான் வரும். ரேடியோ பாட்டு ஒட்டாவிட்டால் பட்டனை அமுக்கிச் சுருதியை ஏற்றிக்கொள்வேன். திருப்பி வைக்க மறந்திருக்கிறேன். அணைத்தாலும் மறக்காத மாடல் வேறு, சனியன்.

இறக்கி வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? “வெச்சிட்டுப் போங்கக்கா” என்று மட்டும் சொன்னேன். நாள் முழுக்க உளறும் வாய், அப்போது மட்டும் ஏன் ஒட்டிக்கொண்டது?

மார்ச் 21, வெள்ளி
அண்ணனிடம் சொல்லிவிட்டேன். கத்துவான் என்று தள்ளியே நின்றேன். கத்தவில்லை.

“ஒவ்வொரு தடவையும் சரியா அரைக்கட்டை. ஒரு நாள்கூட கூடல, குறையல” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். “சுருதியே குடுக்காம அதே இடத்தைப் பிடிச்சிருக்காங்க... அந்தம்மாவையாடி காது இல்லன்னு சொன்னேன்?”

“நீ சொன்னது பாதி. மீதி என் கிண்டல்.”

இருவரும் தையல் கடைக்குப் போனோம். நானே சொன்னேன். அக்கா தலை நிமிராமல், ஓட்டிக்கொண்டிருந்த தையலை முடித்து நூலைக் கத்தரித்தார்.

“அப்ப நான் சரியாத்தான் பாடியிருக்கேன்?”

“ஆமாக்கா.”

“உன் சட்டைக்கு நான் இடது கைய வலப்பக்கம் வெச்சுத் தெச்சா சும்மா இருப்பியா?”

“போட்டுக்கிட்டே ஊர் சுத்துவேன்.”

“சுத்துவ, சுத்துவ. நீ செய்யக்கூடியவதான்!” சிரித்துவிட்டார். அண்ணன்தான் பாவம், கையைப் பிசைந்தபடி, “முதல் வரி உங்களுக்குத்தாம்மா” என்றான்.

மார்ச் 24, திங்கள்
புதுச் சிக்கல். அக்கா தொண்டையில் அந்தச் சுருதி ஊறிவிட்டது. இறக்கச் சொன்னால் தடுமாறுகிறார். இருப்பது ஐந்து நாள். மணிக்கூண்டு மாடியில் நடந்துகொண்டே இருக்கிறது.

மார்ச் 29, சனி
விழா முடிந்தது. கால் வலிக்கிறது, ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

அக்கா தன் சுருதியிலேயே எடுத்தார். மற்ற ஏழு பேரும் அரைக்கட்டை ஏறி வந்து சேர்ந்துகொண்டார்கள். அண்ணன் மட்டும் சுருதி ஏற்றும் பட்டனைத் தொட மாட்டேன் என்று வீம்பு. ஐந்து நாளாகக் கறுப்புக் கீயெல்லாம் போட்டுப் பழகி, அப்படியே வாசித்தான். இரண்டு இடத்தில் விரல் தவறியது.

அக்கா ஓர் இடத்திலும் தவறவில்லை.