முற்றத்தில் அப்பா

மான்ட்ரியால்
12 ஆகஸ்ட் 1979

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் கடிதம் வந்தது. மூன்று பக்கமும் மாடி வீட்டு ஷுல்மன் மாமியின் குழாய் ஒழுகுவதைப் பற்றித்தான். இடுப்பு வலி தேவலையா என்று கேட்டேனே, அதற்கு ஒரு வரி கிடையாது. நம் வீட்டு வழக்கம் எனக்குத் தெரியாதா!

ஒன்று கேட்க வேண்டும். அம்மா போய் ஒரு வருடம் கடந்துவிட்டது. இந்த யோம் கிப்பூர் நோன்பன்று, இறந்தவர்களுக்கான ஜெபத்தின்போது, முதல் முறையாக நான் ஜெபக்கூடத்துக்கு உள்ளேயே நிற்க வேண்டும். பெற்றோர் இருவரும் இருக்கிறவர்களை அப்போது வெளியே அனுப்பிவிடுவார்களே, சின்ன வயதில் நாங்கள் முற்றத்துக்கு ஓடுவோம். நீங்களும் எங்களோடு வந்துவிடுவீர்கள். மற்ற அப்பாக்கள் உள்ளே அழுதுகொண்டிருக்க, நீங்கள் மட்டும் வெளியே எங்களை வரிசையாக உட்காரவைத்து பஸ் விளையாட்டு காட்டுவீர்கள், நீங்கள்தான் டிரைவர். எனக்கு அதில் ஒரே பெருமை. "அப்பா, உங்க அம்மா உயிரோட இருக்காங்களா?" என்று ஒருமுறை கேட்டேன். வெயில் அதிகம் என்று சொல்லி, உங்கள் தொப்பியை என் தலையில் கவிழ்த்தீர்கள்.

இந்த வருடம் அம்மாவின் பெயரோடு பாட்டியின் பெயரையும் சொல்ல ஆசை. அது எனக்குத் தெரியாது. அம்மாவுக்காக நீங்களும் உள்ளே நிற்பீர்கள்தானே?

உங்கள் மகள்,
ஸிப்போரா

ஹைஃபா
27 ஆகஸ்ட் 1979

செல்லம் ஸிப்பிக்கு,

இடுப்பு என்னிடமேதான் இருக்கிறது. நான் ஓட்டும் பஸ் மலையேறும்போது என்ஜினோடு சேர்ந்து அதுவும் முனகுகிறது. குழாயை நானே சரிசெய்தேன். ஷுல்மன் மாமி கூலியாக மீன் உருண்டை கொடுத்தாள், சர்க்கரையை அள்ளிக் கொட்டி. உன் அம்மா இருந்திருந்தால், இந்த மீன் சர்க்கரை வியாதியில் செத்தது என்பாள்.

குளிருக்கு முன் நல்ல பூட்ஸ் வாங்கிக்கொள். உள்ளே நிற்பது பற்றிக் கேட்டாய். அங்கே ஒரே புழுக்கம். பார்க்கலாம்.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்தேன். உன் அம்மாவும் நானும் இதைப் பேசிக்கொண்டதே இல்லை. அவளுக்கு அவளுடைய துக்கமே போதுமானதாக இருந்தது.

எங்கள் ஊரிலும் இதே வழக்கம்தான். எனக்குப் பதினொரு வயது. அந்த ஜெபத்துக்கு முன் அம்மா என் காலர் பொத்தானைப் போட்டுவிட்டு, "போ, வெளிய நில்லு. முடிஞ்சதும் கூப்பிடுறேன்" என்றாள். நான் விறகுக் குவியலுக்குப் பின்னால் இருந்தேன். ஜெர்மன் சிப்பாய்களின் லாரிகள் வந்தன. உள்ளே இருந்த எல்லோரையும் ஏற்றினார்கள், என் அப்பாவையும் சேர்த்து. அம்மா ஏறும்போது விறகுப் பக்கம் பார்த்தாள். கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் ஓடியிருப்பேன், அது அவளுக்குத் தெரியும்.

இப்போது உள்ளே நின்றால், அவள் இறந்துவிட்டாள் என்று நானே சொன்னதாகிவிடும். அவள் கூப்பிடாமல் எப்படிப் போவது, ஸிப்பி?

மான்ட்ரியால்
9 செப்டம்பர் 1979

அன்புள்ள அப்பா,

அடுப்படியில் நின்றபடியே படித்தேன், சூப் அடிப்பிடித்துவிட்டது. உங்கள் மருமகன் ஒன்றும் கேட்காமல் அதையே சாப்பிட்டார்.

நான் அழுதேன். நம் வீட்டில் மறைத்தது போதும், அதனால் சொல்கிறேன். பாட்டி அன்றைக்கு வாயைத் திறக்காததால்தான் நீங்கள் இருக்கிறீர்கள், நான் இருக்கிறேன். அவளுக்கு நன்றி சொல்ல எனக்கு ஒரு பெயர் வேண்டும்.

அவளால் இனிக் கூப்பிட முடியாது. அவளுக்காக நான் கூப்பிடுகிறேன். லாரி போயிடுச்சு அப்பா. உள்ள வாங்க.

ஸிப்பி

ஹைஃபா
3 அக்டோபர் 1979

என் கண்ணே,

பிள்ளைகள் வழக்கம்போல முற்றத்துக்கு ஓடினார்கள். நானும் கதவுவரை போனேன். ஷுல்மன் மாமியின் பேத்தி, பஸ் எப்போது கிளம்பும் என்று கேட்டாள். டிரைவருக்கு உள்ளே வேலை இருக்கிறது என்றேன். கதவைச் சாத்தினார்கள். காலர் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றேன்.

முதலில் உன் அம்மா. பிறகு என் அப்பா யோஸல். அடுத்ததற்குக் குரல் வரவில்லை. பக்கத்தில் நின்றவர் என் தோளில் கை வைத்தார். பிறகு வந்தது.

கூடாரப் பண்டிகை முடிவில் மறுபடி அந்த ஜெபம் உண்டு. அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட்டால், நீயும் சொல். உன் பாட்டி பெயர் ஃப்ரூமா. கொஞ்சம் உரக்கவே சொல், அவளுக்கு வலது காது மந்தம்.

அப்பா