பொருட்கள் ஏறக் கூடாது

றொசல்ல,
18.05.2025

அன்புள்ள ஜெயகாந்தனுக்கு,

லோரன்ஸ் எழுதுவது. இங்கே நானும் மரியநாயகியும் பிள்ளைகளும் சுகம். வத்தளையில் நீயும் உன் தங்கச்சி குடும்பமும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். உன் காலின் சுகத்தைத் தனியாக எழுது. போனில் கேட்டால் "இருக்கு" என்கிறாய். கால் இருப்பது எனக்கும் தெரியும்.

முதலில் நல்ல செய்தி. நமது தேயிலை ஃபாக்டரி ஸ்டோருக்குக் கொழுந்துச் சாக்கை மாடிக்கு ஏற்றும் புதிய லிப்ட் வந்துவிட்டது. அதன் கதவு ஒழுங்காகப் பூட்டும்வரை இந்தப் பக்கம் காலெடுத்து வைக்க மாட்டேன் என்று டிக்கோயா ஆஸ்பத்திரிக் கட்டிலில் சொன்னாய். இப்போது பூட்டுகிறது. கதவு மூடாவிட்டால் லிப்ட் அசையாது. லிப்ட் வந்து நிற்காவிட்டால் கதவு திறக்காது. இரண்டும் ஒன்றையொன்று துளியும் நம்பாமல் ஒற்றுமையாக வேலை செய்கின்றன. இவ்வளவு ஒழுங்காக நடக்கும் கூட்டணியை மலையகம் இதுவரை கண்டதில்லை.

திறப்பு விழாவுக்குப் பூசாரி, ஃபாதர், டவுன் பள்ளிவாசல் ஹஸரத் மூவரும் வந்தார்கள். முதல் கொழுந்துச் சாக்குக்கு மாலை போட்டோம். பிறகு படம் எடுப்பதற்காகத் தோட்டத்துத் தொரையும் கொழும்புப் பெரியவர்களும் லிப்ட்டுக்குள் ஏறி நின்றார்கள். நிறை கூடிவிட்டது என்று லிப்ட் மணியடிக்கத் தொடங்கியது. பெரியவர்கள் அதை வாழ்த்து என்று நினைத்துக் கைதட்டினார்கள். தொரை இறங்கிய பிறகுதான் மணி நின்றது. இத்தனை வருடமாக நாங்கள் சொல்லத் தயங்கியதை ஒரு மெஷின் வந்த அன்றே சொல்லிவிட்டது.

லிப்ட்டோடு மும்மொழிப் போர்டும் வந்தது. சிங்களத்திலும் இங்கிலீஷிலும் பொருட்கள் மட்டும், ஆட்கள் ஏறக் கூடாது என்று சரியாக இருக்கிறது. தமிழில் இரண்டு சொற்கள் இடம் மாறிவிட்டன: "ஆட்கள் மட்டும். பொருட்கள் ஏறக் கூடாது."

மாடியில் கொழுந்து வாட்டும் பேச்சியம்மா அக்காவை உனக்குத் தெரியும். மறுநாள் காலையில் லிப்ட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். நான் இறங்கச் சொன்னேன். "பொருளு ஏறக் கூடாதுன்னு போட்டிருக்கு. என்னையப் பாத்தா பொருளு மாதிரியா இருக்கு?" என்றார். நல்லவேளை, கதவைத் திறந்தபடி பிடித்துக்கொண்டே பேசினேன். திறந்த கதவோடு லிப்ட் போகாது அல்லவா? வாதத்தில் தோற்றேன், கதவால் ஜெயித்தேன்.

ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் கிஷாந்த் ஐயாவிடம் போர்டைப் பற்றிச் சொன்னோம். தலைமைக் காரியாலயம் அனுப்பியதைத் தன்னால் திருத்த முடியாது, எழுதிப்போட்டிருக்கிறேன் என்றார். பதில் வரும்வரை சிங்களத்தில் உள்ளபடி நடக்குமாறு தமிழில் அறிவித்தார்.

போன செவ்வாய்க்கிழமை கொழும்பிலிருந்து பாதுகாப்பு வகுப்பு நடத்த ஒரு மிஸ் வந்தார். கெட்டிக்காரி. எங்கே நிற்பது, எங்கே கை வைக்கக் கூடாது, லிப்ட் பாதியில் நின்றால் யாரைக் கூப்பிடுவது என்று, கிஷாந்த் ஐயா தமிழில் சொல்லச் சொல்ல, பொறுமையாகக் காட்டினார். கடைசியில் போர்டைக் காட்டி, அதில் உள்ளதை எல்லோரும் சத்தமாக வாசிக்கச் சொன்னார். ஸ்டோரே ஒரே குரலில் "ஆட்கள் மட்டும்" என்றது. தமிழ் தெரியாத மிஸ் மகிழ்ந்துபோய் "பொஹொம ஹொந்தாய்", ரொம்ப நல்லது என்று பாராட்டினார். அன்று சிரித்த சிரிப்பில் இரண்டு பேருக்கு விக்கல் வந்தது.

பிறகு அவர் ஒரு பெட்டியைத் திறந்தார்.

அதற்குள் ஒரு துண்டுக் கம்பி. பழைய லிப்ட்டின் கதவுச் சுவிட்சில் சுற்றியிருந்த அதே கம்பி. கதவு திறந்திருந்தாலும் லிப்ட் ஓட வேண்டும் என்பதற்காகக் கட்டிய கம்பி. போன வருடம் சாக்கோடு நீ பின்பக்கமாகக் காலெடுத்து வைத்தபோது, கதவு திறந்திருந்தது, லிப்ட் மேலே போயிருந்தது; நீ குழியில் விழுந்தாய், கால் முறிந்தது. விசாரணை அறிக்கையில் காரணம் என்று இரண்டே சொற்கள்: தொழிலாளியின் கவனயீனம். அந்தத் தொழிலாளி நீ; கம்பியைக் கட்டியதும் நீதான் என்று முடிவுகட்டினார்கள். அந்தச் சொல்லால்தான் உன் வேலை போனது.

கவனயீனத்துக்கு உதாரணமாக அந்தக் கம்பியை மிஸ் கைக்குக் கை கொடுத்துப் பார்க்கச் சொன்னார். என்னிடம் வந்தது. ஜெயா, என் முறுக்கை எனக்குத் தெரியாதா? பதினெட்டு வருடமாக ஃபிட்டர் வேலை பார்க்கிறேன். இடப்பக்கம் மூன்று சுற்று, நுனியை உள்ளே மடக்குவேன்.

அது உனக்கும் தெரியும். யார் கட்டியது என்று விசாரணையில் உன்னிடம் இரண்டு தரம் கேட்டார்கள், நீ சொல்லவில்லை. அப்போது என் மகள் சுலக்ஷனாவுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தோம். அதனால்தான் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு வருடம் டீ குடித்தேன், பேப்பர் படித்தேன், நாட்டு நடப்பைப் பற்றி எல்லோருக்கும் குறை சொன்னேன்.

எழுந்து நின்றேன். "மிஸ், இதக் கட்டுனது ஜெயகாந்தன் இல்ல. நான்" என்றேன். கிஷாந்த் ஐயா சிங்களத்தில் சொன்னார். இந்த மொழிபெயர்ப்பில் தவறே இல்லை.

பிறகு பேச்சியம்மா அக்கா, "ஒரு வருஷமா இந்தக் கம்பிதான் ஒங்க தொண்டையில மாட்டியிருந்துச்சா?" என்றார். வீட்டுக்குப் போனால் மரியநாயகி, பாவசங்கீர்த்தனத்துக்குக் கோயில் இருக்கும்போது ஸ்டோரில் போய்ச் செய்திருக்கிறீர்களே என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதாள். வரும்போது எனக்கு ரொட்டி கொண்டுவந்தாள்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதமும் இரண்டு வாரம் வேலை இடைநிறுத்தமும் கிடைத்தன. கடிதத்தில் என் பெயர் பிழையில்லாமல் இருந்தது. போர்டு எழுதியவர் அதை எழுதவில்லை போலிருக்கிறது. உன் அறிக்கையில் கவனயீனம் என்ற சொல்லை வெட்டிவிட்டார்கள். வெட்டிய பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். மிஸ் கேட்டுக்கொண்டதால் போர்டையும் திருத்தியாகிவிட்டது. பேச்சியம்மா அக்காதான் தூரிகை பிடித்தார். எழுத்து சற்றுச் சாய்ந்திருக்கிறது, அர்த்தம் நேராக இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். லிப்ட் சாவியை வைத்திருந்து கதவுகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். உட்கார்ந்து செய்யும் வேலை. ஜூன் முடிவுவரை அதை உனக்காக வைத்திருப்பதாகக் கிஷாந்த் ஐயா கையெழுத்துப் போட்டே தந்திருக்கிறார். சுலக்ஷனாவின் கல்யாணம் ஜூன் பதினான்காம் திகதி. பந்தியில் முதல் இலை உனக்கு என்று அவளே சொல்லிவிட்டாள். ரயிலில் வந்து றொசல்லயில் இறங்கு, நான் நிற்பேன். என்னோடு பேச மனமில்லை என்றால் பேசாமல் கூட வா. நான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவேன்.

வேலையில் சேரும் அன்று மேல்மாடிக் கதவை நீ பார்க்க வேண்டும். நாற்பத்திரண்டு படி. லிப்ட்டில் உன்னை ஏற்ற முடியாது. சாக்குக்குள் போட்டுக் கட்டினால் பொருளாகிவிடுவாய் என்கிறார் பேச்சியம்மா அக்கா, நான் சம்மதிக்கவில்லை. படியில் உன்னை நான் முதுகில் தூக்கிக்கொண்டு போவேன். கனம் என்று சொல்ல மாட்டேன்.

ஆண்டவர் உன் காலைக் காக்கட்டும். நீ வரும்வரை கதவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் லோரன்ஸ்